ஈரலுக்கு ஐந்து நிமிடம், குடலுக்கு ஒரு காலைப்பொழுது

போன இதழில் மலிவான கறி பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்கக் குடலும் ஈரலும்தான். சைவ வாசகர்கள் மன்னித்துப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

அக்கா, நாங்கள் நான்கு பேர் ஒரு வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தேக்கா சந்தையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்து, கறிக்குழம்பு மாதிரியே மசாலா போட்டு மூன்று விசில் விட்டோம். கடித்தால் சைக்கிள் டியூப். வீடெல்லாம் நாற்றம் வேறு, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டிவிட்டார். எங்கே தப்பு? (பெயர் வேண்டாம், ஈசூன்)

தப்பு இரண்டு இடத்தில், தம்பி. கழுவியது போதவில்லை, வேகவைத்ததும் போதவில்லை.

கடையில் வெள்ளையாக இருக்கிறது, சுத்தம் செய்ததுதான் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். குழல் குடலின் ஒரு முனையைக் குழாய் வாயில் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், பாம்பு மாதிரி உப்பி மறுமுனையில் கொட்டும். தண்ணீர் தெளிகிறவரை விடுங்கள். அப்புறம் ஒரு சாப்ஸ்டிக்கை உள்ளே விட்டு உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் துணி துவைக்கிற மாதிரி கசக்குங்கள். மூன்று முறையாவது. வயிற்றுப் பகுதி துவாலை மாதிரி சொரசொரவென்று இருக்கும், அதைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கத்தியின் முதுகால் சுரண்டினால் கறுப்புத் தோல் உரிந்து வரும். எங்கள் அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு துளி சேர்ப்பார், இன்னும் எளிதாக உரியும்.

இனி முக்கியமான இடம். மஞ்சளும் தட்டிய இஞ்சியும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் அடித்த நாற்றம் முழுக்க அந்த முதல் தண்ணீரில் போகவேண்டியது, நீங்கள் அதிலேயே மசாலாவைப் போட்டு விசில் வழியாக மாடி முழுக்க விநியோகம் செய்துவிட்டீர்கள். புதுத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் எட்டு விசிலாவது விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். குடலில் இருப்பது பெரும்பாலும் இணைப்புத் திசு. சூடு பட்டதும் முதலில் சுருங்கி இறுகும், ஈரத்தில் நீண்ட நேரம் வெந்தால்தான் கரைந்து பசையாக மாறும். மூன்று விசிலில் நிறுத்தினால் அது இறுகி நிற்கிற நேரத்தில் எடுத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். நன்றாக வெந்த பிறகு சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, அரைத்த தேங்காய் என்று உங்கள் ஊர்ப் பக்குவத்துக்குப் போங்கள்.

கழிவை இரண்டு பையில் போட்டு முடிச்சுப் போட்டுத்தான் குப்பைக் குழாயில் தள்ள வேண்டும், கொழுப்பை சிங்க்கில் ஊற்றாதீர்கள், உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்தப் பாட்டி கோபத்தில்தான் தட்டினார் என்று முடிவு கட்ட வேண்டாம். குவே சாப் என்ற சீனக் குடல் சூப் சமைக்கிற வீடாக இருந்தால், பன்றிக்குடலை உப்பும் மாவும் போட்டுத் தேய்த்தே கை தேய்ந்தவராக இருப்பார். அடுத்த முறை அவரிடமே கேளுங்கள்.

நான்காவது மாதம் நடக்கிறது. ரத்தம் ஊறும் என்று மாமியார் வாரம் இரண்டு நாள் ஈரல் வறுத்துத் தருகிறார். கிளினிக்கில் ஈரலே வேண்டாம் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? (ஒரு வாசகி, செங்காங்)

கிளினிக் பேச்சைத்தான். ஆனால் மாமியார் சொல்வதும் பொய்யில்லை, 100 கிராம் ஆட்டு ஈரலில் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. சிக்கல் வைட்டமின் ஏ. அதே 100 கிராமில் அது 7000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 3000 தான். கர்ப்பத்தில், அதுவும் ஆரம்ப மாதங்களில், அளவு மீறினால் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்காக இதுவரை சாப்பிட்டதை நினைத்துப் பயந்துகொண்டு உட்காராதீர்கள், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் மனம் கோணாமல் ஒரு வழி இருக்கிறது: சுவரொட்டி, அதாவது மண்ணீரல். 100 கிராமில் இரும்புச் சத்து 40 மில்லிகிராமை ஒட்டி வரும், ஈரலைப் போல வைட்டமின் ஏ குவிந்திருக்காது. டாக்டர் சரி என்றால் அவ்வப்போது கொஞ்சம் சாப்பிடலாம், உள்ளே சிவப்பே தெரியாத அளவுக்கு வெந்திருக்க வேண்டும். எறிந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் எறிந்து பார்த்ததில்லை. எல்லா நாளும் கிடைக்காது, கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான் வறுத்தால் மட்டும் ஈரல் கல்லு மாதிரி ஆகிறதே? (உட்லண்ட்ஸ்)

அதிக நேரம் வைக்கிறீர்கள். குடலுக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இது. மேலே இருக்கும் சவ்வை உரித்து, சிறு துண்டாக ஒரே அளவில் நறுக்கி, வெங்காயமும் மிளகும் வதங்கிய பிறகு கடைசியில் போடுங்கள். ஐந்து நிமிடம், துண்டு பெரிதானால் ஏழு. ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் சிவப்பு போயிருந்தால் இறக்கிவிடலாம். கோழி ஈரலுக்கு இன்னொரு எச்சரிக்கை: பச்சையாக ஒரு கறை தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள், அது பித்தம். ஒரு தீபாவளிக்கு நான் பித்தப்பையைக் கவனிக்காமல் சட்டியில் போட்டு, அது உடைந்து, இரண்டு கிலோ கோழிக்கறியும் வேப்பிலைக் கஷாயமாகி, வந்த விருந்தாளிகளுக்கு முட்டைக் குழம்பு வைத்தேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரத்தப் பொரியல்தான். சிங்கப்பூரில் எந்தக் கடையிலும் இல்லையே, ஏன்? (பூன் லே)

விலங்கு ரத்தத்தை உணவாக விற்க இங்கே அனுமதி இல்லை. ஆட்டு ரத்தம் மட்டுமில்லை, சீனர்களின் பன்றி ரத்தக் கட்டிக்கும் அதே தடைதான். ரத்தத்தில் கிருமி மிக வேகமாகப் பெருகும், அதுதான் காரணம். ஊருக்குப் போகும்போது சாப்பிடுங்கள். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

கணவருக்கு யூரிக் ஆசிட், கால் கட்டைவிரல் வீங்குகிறது. கறியை விட்டுவிட்டு சூப் மட்டும் குடித்தால் பரவாயில்லையா? (தெம்பனிஸ்)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் தண்ணீரில் கரையும், கறியிலிருந்து இறங்கிச் சூப்பில்தான் சேரும். ஈரல், கிட்னி, சுவரொட்டி மூன்றையும் நிறுத்துங்கள். மூளை வறுவலும் வேண்டாம், அதில் கொலஸ்ட்ரால் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும். சூப் தூலாங் (எலும்பு சூப்) கடையில் ஸ்ட்ரா போட்டு மஜ்ஜை உறிஞ்சுகிற ஆள் என்றால், கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருப்பக்கமே கூட்டிப்போகாதீர்கள்.

மீன் தலைக்கறி நம் ஊரிலிருந்து வந்ததா, இங்கே பிறந்ததா? வீட்டில் பந்தயம். (பிடோக்)

இங்கே என்று சொன்னவருக்கே காசு. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமெஸ் 1949 வாக்கில் இங்கே தொடங்கியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிற சீன வாடிக்கையாளர்களுக்காக, நம் புளிக்குழம்பில் தலையைப் போட்டார். நம் ஆட்கள் பலர் ஒதுக்கிய தலைக்கு இன்று உடம்பை விட விலை அதிகம்.

அம்மாவுக்கு முட்டி வலி. ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு பலப்படுமா? கடையில் முடியோடு கிடைத்தால் என்ன செய்வது? (ஹவ்காங்)

எலும்பிலிருந்து சூப்பில் இறங்குகிற கால்சியம் மிகக் குறைவு, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ருசிக்கும் சூட்டுக்கும் தாராளமாகக் கொடுங்கள். முடியை வீவக சமையலறையில் அடுப்பில் காட்டி வாட்டாதீர்கள், அந்த வாடை திரைச்சீலையில் ஒரு வாரம் நிற்கும். வாட்டிச் சுரண்டியதாகவே கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு முறை கோதுமை மாவு போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு விசில், இல்லை இரவு மெதுகுக்கரில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுங்கள், அடியில் இருப்பது அகர் அகர் மாதிரி ஆடினால் சரியாக வந்திருக்கிறது. மிளகும் சீரகமும் பச்சையாகப் பொடித்து, சுடவைக்கிறபோது மட்டும் போடுங்கள்.