பில்லில் காணாமல் போகும் தள்ளுபடி: நுகர்வோர் கேள்வி-பதில்

உணவகத் தள்ளுபடி கார்டுகள் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நட்சத்திர ஹோட்டல் கிளப் கார்டு, மொபைல் ஆப் மெம்பர்ஷிப், வங்கி கிரெடிட் கார்டு சலுகை என்று வகைகள் பல. சண்டை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது: சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பில்லைப் பிரிக்கும்போது.

கேள்வி: சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் டைனிங் கிளப் கார்டை போனில் பேசியே என் தலையில் கட்டிவிட்டார்கள். வருடச் சந்தா 7,500 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 8,850. ‘ரெஸ்டாரன்ட்டில் 50 சதவீதம் தள்ளுபடி’ என்றுதான் அந்தப் பெண் சொன்னார். மாமனார், மாமியார், நாத்தனார், அவர் கணவர், நாங்கள் இருவர் என ஆறு பேர் போனோம். சாப்பாடு 9,000 ரூபாய். 4,500 கழியும் என்று பார்த்தால் 1,440 ரூபாய்தான் கழித்திருந்தார்கள். கேட்டதற்கு, ‘ஆறு பேர் வந்திருக்கீங்க மேடம், உங்களுக்கு 16 பர்சென்ட்தான்’ என்கிறார் கேப்டன். இது மோசடி இல்லையா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: கார்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கும். அதன் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் பாருங்கள். இந்த வகைக் கார்டுகளில் வழக்கமாக இருக்கும் கணக்கு இதுதான்: இருவர் சாப்பிட்டால் 50 சதவீதம், மூவர் என்றால் 33, நால்வர் என்றால் 25, ஐவர் என்றால் 20. ஆறு பேருக்கு 16 என்றது இதன் தொடர்ச்சி. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் போட்டால் விஷயம் உடைந்துவிடும். தலைக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால், இருவர் போனால் 3,000-இல் பாதி, 1,500 கழியும். நால்வர் போனால் 6,000-இல் கால்வாசி, அதுவும் 1,500. உங்கள் ஆறு பேருக்குக் கழிந்ததும் ஏறத்தாழ அதுவே. அதாவது, எத்தனை பேர் போனாலும் ஒருவர் சாப்பாடு மட்டும் இலவசம். ‘ஒருவர் சாப்பாடு இலவசம்’ என்று சொல்லி விற்றால் யாரும் 8,850 ரூபாய் கொடுக்கமாட்டார்கள். அதனால்தான் ‘50 சதவீதம்’.

உங்கள் பில்லில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல் என்றால் அங்குள்ள உணவுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தள்ளுபடி போக 7,560 ரூபாய், அதற்கு வரி 1,360 ரூபாய் 80 காசு, ஆக மொத்தம் 8,920 ரூபாய் 80 காசு. 9,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்குக் கார்டையும் நீட்டி, கிட்டத்தட்ட 9,000 ரூபாயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வரியையும் சேர்த்துப் பார்த்தால் ஒருமுறை போய்வர மிச்சமாவது சுமார் 1,700 ரூபாய். சந்தாப் பணம் தேறவே வருடத்தில் ஐந்து முறைக்கு மேல் அதே ஹோட்டலுக்குப் போக வேண்டும். மாதம் ஒருமுறை கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். குடும்பத்தோடு எப்போதாவது போகிறவர்களுக்கு ஆகாது.

மூன்று டேபிளில் இரண்டிரண்டு பேராக உட்காரலாமே என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான், அவர்களுக்கும் தோன்றிவிட்டது: ‘ஒரு வேளைக்கு ஒரு கார்டு, ஒரு டேபிள், ஒரு பில்’ என்று போட்டிருப்பார்கள். பாட்டில் தண்ணீர், மதுபானம், சில இடங்களில் பஃபே ஆகியவற்றுக்குத் தள்ளுபடி இருக்காது. டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1, பிப்ரவரி 14 போன்ற நாட்களில் கார்டே செல்லாது என்பதும் வழக்கம். நாம் ஹோட்டலுக்குப் போக நினைப்பதே அந்த நாட்களில்தான்.

மோசடியா என்றால், கணக்கில் மோசடி இல்லை. அதை மறைத்து விற்றது தவறு. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் சொன்னதைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை எளிதில் கண்ணில் படும்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் சொல்ல வேண்டும். முக்கியமான தகவலை மறைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. போனில் பேசியதை நிரூபிப்பது கடினம். ஆனால் வாங்கும் முன் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு படம் அனுப்பியிருப்பார்களே, அதைத் தேடி எடுங்கள். அதில் ‘50%’ மட்டும் இருந்து ‘இருவருக்கு’ என்பது இல்லையென்றால் உங்கள் கை ஓங்கிவிடும். முதலில் ஹோட்டலின் கிளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவைக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டியதில்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். முழுப் பணமும் திரும்பும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஒருமுறை பயன்படுத்திவிட்டீர்கள், அதைச் சொல்லிக் கழிப்பார்கள்.

கேள்வி: தி. நகரில் ஒரு ஏ.சி. ரெஸ்டாரன்டில் 20 சதவீதக் கார்டைக் காட்டினேன். சாப்பாடு 2,400 ரூபாய். 480 கழித்துவிட்டு, கீழே ‘சர்வீஸ் சார்ஜ் 10%’ என்று 240 ரூபாய் சேர்த்திருந்தார்கள். அதற்கும் மேலே ஜி.எஸ்.டி. மொத்தம் 2,268. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால், ‘கார்டுல வர்றவங்களுக்குக் கம்பல்சரி சார்’ என்றார் மேனேஜர். சரியா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: சரியில்லை. உங்கள் பில்லில் மூன்று கோளாறு இருக்கிறது.

தள்ளுபடிக்குப் பிறகு உங்கள் சாப்பாட்டின் விலை 1,920. சர்வீஸ் சார்ஜை மட்டும் பழைய 2,400-க்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தது முதல் கோளாறு. இரண்டாவது, அந்த 240 ரூபாயையும் உணவு விலையோடு சேர்த்து அதற்கும் 5 சதவீத வரி போட்டது. மூன்றாவதுதான் பெரியது: சர்வீஸ் சார்ஜையே கேட்காமல் பில்லில் சேர்த்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே தடுக்கின்றன. தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து மொத்தத்துக்கு ஜி.எஸ்.டி. போடக் கூடாது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டு அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, சங்கங்களுக்கு ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ‘கோர்ட்ல ஸ்டே இருக்கு சார்’ என்று இன்னும் சில கல்லாக்களில் சொல்கிறார்கள். 2022-இல் வந்து, அந்த மனுக்களோடு முடிந்துபோன தடையைத்தான் சொல்கிறார்கள்.

சரியான பில் 1,920 ரூபாயும் 96 ரூபாய் வரியுமாக 2,016. உங்களிடம் 252 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். கார்டே இல்லாமல் சாப்பிட்டிருந்தால் வரியோடு 2,520. அதோடு ஒப்பிட்டால் உங்களுக்குக் கிடைத்த சலுகை 10 சதவீதம்தான், மீதி 10 சர்வீஸ் சார்ஜில் கரைந்துவிட்டது.

பணம் கட்டும் முன் அந்த சர்வீஸ் சார்ஜை நீக்கி வேறு பில் கேளுங்கள். மறுத்தால் அங்கே நின்று மல்லுக்கட்ட வேண்டாம். கட்டிவிட்டு, பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915-இல் புகார் செய்யுங்கள். சூட்டில் அச்சாகும் பில் காகிதத்தில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், படம்தான் கடைசிவரை நிற்கும். பரிமாறியவர் நன்றாகக் கவனித்தார் என்றால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள், அது வேறு கணக்கு.

ஒரு சின்ன விலக்கு: உணவகம் பில்லிலேயே கழித்துக் காட்டும் தள்ளுபடிக்குத்தான் வரி குறையும். வங்கி பிறகு கேஷ்பேக்காகத் தரும் பணத்துக்குக் குறையாது, உணவகம் முழு விலைக்கும் வரி போடுவது அங்கே சரிதான்.

கேள்வி: ஒரு ஆப்பில் 1,200 ரூபாய் கட்டி வருட மெம்பர்ஷிப் எடுத்தேன். பட்டியலில் இருந்த உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டபின், ‘அந்த ஆப்பை விட்டு நாங்க விலகி ரெண்டு மாசம் ஆச்சு’ என்கிறார்கள். இப்போதும் ஆப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. யாரைப் பிடிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: ஆப்பை. பணம் வாங்கியது அவர்கள், பட்டியல் போட்டதும் அவர்கள். உணவகத்தின் கதவில் அந்த ஆப்பின் ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் உணவகத்தையும் சேர்த்துக் கேட்கலாம்.

உணவகங்கள் ஏன் இப்படிக் கழன்றுகொள்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் கேப்டனின் முகம் ஏன் சுண்டிப்போகிறது என்பதும் புரியும். சொமேட்டோ ஆப்பின் ‘கோல்டு’ மெம்பர்ஷிப் 2017 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது, ஒரு உணவு வாங்கினால் இன்னொன்று இலவசம் என்பது சலுகை. சந்தா ஆப்புக்குப் போனது, இலவச உணவின் செலவு உணவகத்தின் மேல் விழுந்தது. ஒரே டேபிளில் ஆளுக்கொரு மெம்பர்ஷிப்போடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். 2019 ஆகஸ்டில் தேசிய உணவக சங்கத்தின் ஆதரவோடு ஏராளமான உணவகங்கள் ‘லாக்அவுட்’ என்று அறிவித்து இந்தத் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து வெளியேறின. அதன்பின் ஒரு டேபிளில் எத்தனை மெம்பர்ஷிப் செல்லும் என்பதற்கு வரம்பு வைத்து விதி மாற்றப்பட்டது. நடுவில் வருடச் சந்தா கட்டியிருந்தவர்களுக்குப் பட்டியல் சுருங்கியதுதான் மிச்சம். சந்தா கட்டும் நாளில் பார்க்கும் பட்டியல் ஆறு மாதம் கழித்தும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, உங்கள் ஊரில் எத்தனை உணவகம் என்று பார்த்து வாங்குவதே நல்லது. சென்னையை நம்பிப் போட்ட பட்டியலில் மதுரைக்கு விழுவது நாலைந்து பெயர்தான்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஆப் நிறுவனத்துக்குக் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் இணைத்து அனுப்புங்கள். ‘முன்னறிவிப்பின்றி மாற்ற உரிமை உண்டு’ என்ற வரியைக் காட்டுவார்கள். அந்த வரியையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதற்கு மாநில ஆணையம் வரை போக வேண்டும். 1,200 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். சொன்ன சேவையைத் தரவில்லை என்ற ஒன்றே 1915-க்குப் போதும்.

கேள்வி: கிரெடிட் கார்டில் உணவகங்களுக்கு 15 சதவீதம் சலுகை என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்பியது. 3,000 ரூபாய் பில்லை அதே கார்டை வைத்து கியூ.ஆர். ஸ்கேன் செய்து கட்டினேன். எதுவும் வரவில்லை.
– வாசகர், திருச்சி

பதில்: கியூ.ஆரில் கட்டியதுதான் காரணமாக இருக்கும். இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் கார்டை மெஷினில் தேய்த்தாலோ, வங்கி சொல்லும் ஆப் வழியாகக் கட்டினாலோதான் பொருந்தும். குறைந்தபட்ச பில் தொகை, மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்ற உச்சவரம்பு இரண்டும் இருக்கும். கேஷ்பேக் ஸ்டேட்மென்டில் ஏற இரண்டு மூன்று மாதம் எடுப்பதும் உண்டு. நிபந்தனைப்படிதான் கட்டினீர்கள் என்றால் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம், செலவில்லை.

கேள்வி: ‘உங்களுக்கு இலவச டைனிங் கார்டு, கூரியர் செலவு 499 மட்டும், வரும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்’ என்று போன் வருகிறது. நம்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வையுங்கள் போனை. ஓ.டி.பி.யைச் சொல்லிப் பணம் போயிருந்தால் இந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேள்வி: கோவையில் சின்ன ஃபேமிலி ரெஸ்டாரன்ட் நடத்துகிறேன். ஒரு உள்ளூர் கார்டு கம்பெனியோடு 10 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டுப்படியாகவில்லை. காம்போவுக்கும் கேட்கிறார்கள். கல்லாவில் தினமும் தகராறு. மறுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: நிபந்தனை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஞாயிறு கிடையாது, காம்போவுக்குக் கிடையாது, பார்சலுக்குக் கிடையாது, எதுவும் சொல்லலாம். ஆர்டர் எடுக்கும் முன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட்டபின் சொன்னால் அது நிபந்தனை இல்லை, ஏமாற்று. முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஞாயிறும் உண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தால் கம்பெனியோடு பேசி எழுத்தில் மாற்றிக்கொண்டு, அவர்கள் பட்டியலிலும் திருத்தச் சொல்லுங்கள்.

நுழையும் இடத்திலும் மெனு கார்டின் முதல் பக்கத்திலும் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். டேபிளில் தண்ணீர் வைக்கும்போதே ‘கார்டு ஏதாவது இருக்குங்களா?’ என்று சர்வரைக் கேட்கச் சொன்னால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். கார்டுக்காரர்களுக்கு மட்டும் கூடுதல் விலை போட்ட தனி மெனுவை நீட்டும் வேலை சில இடங்களில் நடக்கிறது, அதற்குப் போகாதீர்கள். ஒருவர் இரண்டு மெனுவையும் படம் எடுத்துவிட்டால் நியாயமற்ற வணிக நடைமுறை என்று புகார் நேராக ஆணையத்துக்குப் போகும். ஒப்பந்தம் முடிந்த அன்றே கண்ணாடிக் கதவிலுள்ள ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை நம்பி உள்ளே வருகிறவருக்கு 10 சதவீதத்தைக் கழிக்க வேண்டியவர் அப்போதும் நீங்கள்தான்.