மாற்றிய பிரேக் ஹோஸ் வெடித்து விபத்து: பொறுப்பு யாருடையது?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். ஆறு ஆண்டு பழைய என் காரின் பின்சக்கரங்களுக்கு, அதே நிறுவனத்தின் உயர்ரக மாடலில் வரும் பெரிய காலிப்பரையும் (டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்தும் பாகம்) டிஸ்க்கையும் வாங்கி, ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் மாட்டினேன். பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் பழைய ஹோஸ் புதிய காலிப்பருக்குப் பொருந்தாததால், அவர்களே அளவெடுத்து, ஸ்டீல் பின்னலிட்ட ஹோஸ் இரண்டைத் தயாரித்துப் பொருத்தினார்கள். ரசீதில் ‘பிரேக் வேலை’ என்று மொத்தத் தொகை மட்டுமே இருக்கிறது. சில வாரங்களில், அவினாசி சாலையில் சென்றபோது பிரேக் மிதி திடீரென ஆழமாக இறங்கி, முன்னால் சென்ற ஆட்டோவின் மீது மோதிவிட்டேன். ஆட்டோ ஓட்டுநருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. வலதுபக்கப் பின் ஹோஸ் வெடித்திருந்தது. போலீஸ் வழக்குப் பதிந்துள்ளது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று கூறி இன்சூரன்ஸ் நிறுவனம் என் கார் சேதத்துக்கான கிளெய்மை மறுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரரோ, “நீங்கள் கேட்டதைத்தான் செய்தோம், அந்த ஹோஸைக் கொடுங்கள், புதிது போட்டுத் தருகிறோம்” என்கிறார். கார் இப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் நிற்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் செய்ய வேண்டியது, அந்த ஹோஸை எக்காரணம் கொண்டும் ஒர்க்‌ஷாப்பிடம் கொடுக்காமல் இருப்பதுதான். குற்ற வழக்கு, ஆட்டோ ஓட்டுநரின் இழப்பீடு, இன்சூரன்ஸ் மறுப்பு, ஒர்க்‌ஷாப் மீதான புகார் ஆகிய நான்கிலும் உங்களுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ பேசப்போகும் முதன்மையான சாட்சி அதுவே. சர்வீஸ் சென்டரில் அதை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக் குறித்து, அன்று ஹோஸ் கழற்றப்படும், விரும்பினால் உடனிருக்கலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். அவர்கள் வராவிட்டாலும், பின்னர் “ஹோஸை மாற்றி வைத்துவிட்டார்” என்று சொல்ல முடியாது. காலிப்பர், சக்கரம், ஸ்பிரிங் ஆகியவற்றோடு ஹோஸ் இருக்கும் நிலையைப் பல கோணங்களில் படமெடுத்த பிறகே, சாட்சிகள் முன்னிலையில் கழற்றி, ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட், அதன் இருபுறமும் உள்ள செப்பு வாஷர்கள் ஆகியவற்றையும் சேர்த்து உறையிலிட்டு, கையொப்பத்தோடு ஒட்டி வையுங்கள்.

ஹோஸ் எந்த இடத்தில், எப்படிப் பழுதானது என்பதைப் பொறுத்துப் பொறுப்பு இடம் மாறும். நடுப்பகுதியில் பின்னல் தேய்ந்து பளபளப்பாக இருந்தால், அது டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசியிருக்கிறது என்று பொருள். அது பொருத்தியவரின் குறை. காரை லிஃப்டில் தூக்கும்போது சஸ்பென்ஷன் கீழே தொங்கும், அந்நிலையில் ஹோஸ் நீண்டு ஒழுங்காகத்தான் தெரியும். கார் தரையில் இறங்கி, பின் இருக்கையில் ஆட்கள் அமர்ந்து, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதே ஹோஸ் வளைந்து டயரை நோக்கிச் சாயும். சஸ்பென்ஷன் முழுவதும் தொங்கும் நிலை, முழுவதும் அமுங்கும் நிலை ஆகிய இரண்டிலும் வைத்துப் பார்க்காமல் நீளத்தை முடிவு செய்வதும், இடையில் பிடிமான பிராக்கெட் இல்லாமல் விடுவதும் அடிப்படைக் கவனக்குறைவுகள். மாறாக, முனையில் நசுக்கி இறுக்கப்பட்ட கிரிம்ப் என்னும் உலோக வளையத்திலிருந்து குழாய் உருவி வந்திருந்தால், அது ஹோஸைத் தயாரித்ததில் உள்ள குறை. போல்ட்டின் மரையும் காலிப்பரின் மரையும் ஒன்றாக இல்லாமல் பலவந்தமாக இறுக்கியிருந்தாலோ, நசுங்கிய பழைய வாஷரையே மீண்டும் போட்டிருந்தாலோ, கசிவு அங்கிருந்து தொடங்கியிருக்கும். ஸ்டீல் பின்னலுக்குள் இருக்கும் குழாய் கிழிந்தாலும் வெளியிலிருந்து தெரியாது என்பது உங்களுக்குச் சாதகமான அம்சம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலும் நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது என்று வாதிட அது உதவும்.

காலிப்பரை மாற்றியதே குற்றமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஆனால் அதே பிரிவு, வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றத்தைத்தான் ‘மாற்றம்’ என்று வரையறுக்கிறது. காலிப்பரின் அளவோ ஹோஸின் வகையோ ஆர்.சி.யில் இடம்பெறுவதில்லை. எனவே 52-ஆம் பிரிவை மட்டும் வைத்து உங்களைக் குற்றவாளி என்று சொல்வது எளிதல்ல என்பது என் கருத்து. கவலைக்குரியது 2019 திருத்தத்தில் வந்த 182அ பிரிவு. அதன் 4-ஆம் உட்பிரிவு, உதிரிபாகங்களை மாற்றிப் பொருத்துவதையும் சேர்த்து, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

அனுமதிக்கப்பட்ட முறை எது என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐப் பார்க்க வேண்டும். 96-ஆம் விதி பிரேக்கைப் பற்றியது. கார்களுக்கு கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் ஒன்றையொன்று சாராமல் திறம்பட இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். பின் காலிப்பரை மாற்றும்போது ஹேண்ட்பிரேக் கேபிள் புதிய காலிப்பரில் சரியாக இணைக்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இணைக்கப்படாமல் விட்டிருந்தால், ஹோஸ் வெடிக்காமலே இருந்திருந்தாலும் அது நேரடியான விதிமீறல். இதை உடனே சரிபாருங்கள். ஹைட்ராலிக் பிரேக் ஹோஸுக்கு ஐ.எஸ். 7079 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வெட்டிக் கிரிம்ப் செய்த ஹோஸில் தயாரிப்பாளர் பெயரோ தரக் குறியீடோ அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அது உங்கள் நிலையைப் பலவீனப்படுத்தும். ஒர்க்‌ஷாப்பின் நிலையை அதைவிடப் பலவீனப்படுத்தும். பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று மத்திய அரசு அறிவித்த பாகங்களைத் தரத்துக்கு ஒவ்வாமல் விற்பவருக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே 182அ பிரிவு சொல்கிறது.

குற்ற வழக்கில், எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) பிரிவுகளில் வழக்குப் பதிந்திருப்பார்கள். பின்னதற்கு மூன்றாண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நீங்கள் அஜாக்கிரதையாக ஓட்டினீர்கள் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். இத்தகைய வழக்குகளில், விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா என்ற கேள்விக்கு அவர் எழுதும் விடையே பெரும்பாலும் திருப்புமுனையாகிறது. வலது பின் ஹோஸ் வெடித்ததை அவர் பதிவு செய்திருந்தால், வேகமாகவோ கவனமின்றியோ ஓட்டியதாகச் சொல்லும் 281-ஆம் பிரிவு வெகுவாகத் தளர்ந்துவிடும். ஆனால் அதே பதிவு, பழுதுள்ள வாகனத்தை ஓட்டியதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவுக்கு இட்டுச்செல்லலாம். பழுது உங்களுக்குத் தெரிந்திருந்ததா, சாதாரணக் கவனத்தால் தெரிந்திருக்க முடியுமா என்பதே அங்கே கேள்வி. விபத்துக்கு முந்தைய நாட்களில் மிதி மென்மையாகியதா, பிரேக் ஆயில் குறைந்ததா, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பதையெல்லாம் உங்கள் வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மிதி ஏன் தரைவரை போகாமல் இடையில் நின்றது என்றும் ஒருவர் கேட்கக்கூடும்: பல முன்சக்கர இயக்கக் கார்களில் பிரேக் குழாய்கள் இரு குறுக்குச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் காரும் அவ்வகையானால், வலது பின் ஹோஸ் வெடித்தபோது இடது முன்சக்கரத்தின் பிரேக்கும் சேர்ந்து போயிருக்கும். மீதிப் பாதியில்தான் கார் நின்றிருக்கும்.

ஆட்டோ ஓட்டுநரின் இழப்பீட்டு மனுவில் நிலைமை தலைகீழ். விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தில், பிரேக் பழுது என்பது உரிமையாளரின் தற்காப்பு வாதம். எல்லா நியாயமான கவனமும் எடுத்தேன் என்று நிரூபிப்பது அவரது சுமை என்று, மினு மேத்தா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இங்கிலாந்தின் ஹென்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் வழக்கு உங்கள் சம்பவத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே ஒரு லாரியின் ஹைட்ராலிக் பிரேக் குழாய் துருப்பிடித்து உடைந்து ஒருவர் இறந்தார். துருவேறிய பகுதி, குழாயைக் கழற்றாமல் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது. வெளியே தெரிந்த பகுதியை வழக்கம்போல் சோதித்துவந்தோம் என்று நிறுவனம் சொன்னது போதாது என்று அந்நாட்டின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை முடிவு செய்தது. எனவே, “ஒர்க்‌ஷாப்பை நம்பினேன்” என்ற ஒரே வாதத்தால் அந்த ஓட்டுநருக்குரிய இழப்பீட்டை மறுக்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. அவர் செய்த தவறு எதுவுமில்லை, கை கூடும்வரை அவரது வருமானமும் நின்றிருக்கும். அந்தத் தொகையை மூன்றாம் நபர் காப்பீட்டின்படி உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனமே கட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு அனுமதிக்கும் தற்காப்புகளில் ஓட்டுநர் உரிமம், பந்தய ஓட்டம் போன்றவை உண்டு. காலிப்பர் மாற்றியது என்பது தனிக் காரணமாக அங்கே இல்லை. பாலிசியில் வேறு நிபந்தனை எழுதப்பட்டிருந்தாலும் அது காயம்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. ஆனால் அப்படிக் கட்டிய தொகையை நிறுவனம் பின்னர் உங்களிடம் வசூலிக்க முயலலாம் என்பதால், அந்த மனுவில் நீங்களும் வழக்கறிஞர் மூலம் ஆஜராகி எதிருரை தாக்கல் செய்வது அவசியம். சம்மன் வந்தும் சும்மா இருந்துவிடுபவர்கள்தான் பிற்பாடு அதிகம் இழக்கிறார்கள்.

சொந்தச் சேதக் கிளெய்மைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்கிறேன்: நிறுவனத்தின் வாதம் பலமற்றதல்ல. வாகனத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது வழக்கமான பாலிசி நிபந்தனை. அமலேந்து சாஹூ வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் கிளெய்மை முற்றாக மறுக்காமல் ஒரு பகுதியைத் தரலாம் என்ற வழியை ஏற்றது. அவ்வகையில் 75 சதவீதம் வரை வழங்கப்படுவது உண்டு. ஆனால் அங்கே மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை. தனியார் வாகனத்தை வாடகைக்குப் பயன்படுத்தியதுதான் மீறல். உங்கள் விஷயத்தில் மாற்றிய பாகமே பழுதாகியிருக்கிறது. எனவே, வாதத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும். காலிப்பர் மாற்றம் விபத்துக்குக் காரணமில்லை. பொருத்தியவரின் கவனக்குறைவே காரணம். உங்களுக்குத் தெரியாமல் மெக்கானிக் செய்த பிழை, நீங்கள் பராமரிப்பைக் கைவிட்டதாக ஆகாது. மறுப்புக் கடிதத்தில் எந்த நிபந்தனை குறிப்பிடப்பட்டுள்ளது என்று பாருங்கள். வெறுமனே ‘மாற்றம்’ என்று மட்டும் இருந்தால், எந்த நிபந்தனை மீறப்பட்டது என்றும் அது எப்படி விபத்துக்குக் காரணமானது என்றும் எழுத்தில் கேளுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயரின் அறிக்கை நகலையும் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றிப் புகார் செய்யலாம். இதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்துவிட்டால் ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப் மீதான வழக்குதான் உங்களிடம் உள்ளவற்றில் உறுதியானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் சேவைக் குறைபாடு என்ற பொதுவான அடிப்படையோடு, 85-ஆம் பிரிவில் சேவை அளித்தவரின் பொருட்பொறுப்பும் (பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு தரும் பொறுப்பு) தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது: சேவை குறையுள்ளதாக இருந்தாலோ, ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான எச்சரிக்கையைத் தராமல் விட்டாலோ அவர் பொறுப்பாளி. “நீங்கள் கேட்டதைத்தான் செய்தோம்” என்பது காலிப்பரை மாற்றியதற்குப் பதிலாகலாம். ஹோஸை டயரில் உரசும்படி பொருத்துமாறு எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. மாற்றமே சட்டவிரோதம், ஆகவே நிவாரணம் கிடையாது என்று அவர் வாதிடக்கூடும். ஆனால் தொழில் தெரிந்தவர் அவர், ஆர்.டி.ஓ. ஒப்புதல் பற்றியோ ஹோஸின் தரம் பற்றியோ உங்களிடம் எச்சரித்ததற்கு எழுத்து ஏதும் இல்லாத நிலையில், அந்த வாதம் அவர்மேலேயே திரும்பும்.

பழுது நீக்கச் செலவு, டோயிங், இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களிடம் வசூலிக்கக்கூடிய தொகை, மனவுளைச்சல் ஆகியவற்றைக் கேட்டு முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பின்னர் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் அங்கே வசிப்பதால் அந்த ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. ரசீதில் விவரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். காலிப்பர் வாங்கிய பில், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவு, ஹோஸ் அளவைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசிய உரையாடல், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் ஆவணங்களே. போனை மாற்றும் முன் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஹோஸை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்கீழ் ஆணையத்திடமே மனு செய்யுங்கள். நீங்களாக அனுப்பிப் பெறும் அறிக்கையைவிட அதற்கு மதிப்பு அதிகம். ஒர்க்‌ஷாப்காரர் சமரசத்துக்கு வந்தால், உங்களிடம் பிற்பாடு வசூலிக்கப்படக்கூடிய மூன்றாம் நபர் தொகையையும் அவர் ஏற்பதாக எழுதாமல் கையொப்பமிட வேண்டாம்.

காரை மறுபடி ஓட்டும் முன், தயாரிப்பாளரின் காலிப்பர், ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றையே திரும்பப் பொருத்தி, பாகங்களின் எண்கள் தனித்தனியே குறிக்கப்பட்ட பில்லை வாங்கி, அடுத்த பாலிசி புதுப்பித்தலின்போது அதன் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.