அகலமான பின் டயருக்கு 12,000 ரூபாய் செலவிடலாமா?

கேள்வி: என் வயது 27. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஆறு ஆண்டுகளாக ஒற்றை டிஸ்க் பிரேக் உள்ள பல்சர் 150 ஓட்டுகிறேன்; மாதம் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் 100/90-17 அளவுள்ள பின் டயர் தேய்ந்துவிட்டது. அதே அளவில் புதிய டயர் 2,500 ரூபாய் என்கிறார்கள். ஆனால் 140/70-17 போட்டால் பிடிமானமும் தோற்றமும் கூடும் என்று கடைக்காரர் சொல்கிறார். டயருக்கு 4,200, அகலமான அலாய் வீலுக்கு 6,500, பொருத்தும் வேலைக்கு 1,300 என மொத்தம் 12,000 ரூபாய் ஆகும். கிரெடிட் கார்டில் ஆறு மாத ஈஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என நினைக்கிறேன். அவசரத் தேவைக்கென வங்கியில் 15,000 ரூபாய் உள்ளது. பாதுகாப்புக்கான முதலீடாக இதைக் கருதலாமா?

பதில்: கருத முடியாது. நீங்கள் குறிப்பிடும் 12,000 ரூபாயில் பாதுகாப்புக்கு உண்மையில் தேவைப்படுவது முதல் 2,500 ரூபாய் மட்டுமே. மீதமுள்ள 9,500 ரூபாய் தோற்றத்துக்கான செலவு. தோற்றத்துக்காகச் செலவு செய்வது குற்றமன்று. ஆனால் அதைப் பாதுகாப்புக் கணக்கில் எழுதி, கடன் வாங்கியாவது செய்தே தீர வேண்டியது என்று உங்களை நீங்களே நம்பவைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

டயரில் பொறித்திருக்கும் எண்களிலிருந்தே தொடங்குவோம். 100/90-17 என்பதில் 100 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இந்தக் கணக்கின்படி உங்கள் இப்போதைய டயரின் மொத்த விட்டம் சுமார் 612 மில்லிமீட்டர். 140/70-17 டயரின் விட்டம் சுமார் 628. அதாவது அகலம் 40 மில்லிமீட்டர் கூடுவதோடு சக்கரமும் இரண்டரை சதவீதத்துக்கு மேல் பெரிதாகிறது, எடையும் ஏறுகிறது. என்ஜினின் திறனோ அப்படியே இருக்கிறது. எனவே ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி கிளம்பும்போது இழுவை சற்றுக் குறைவதை நீங்கள் உணர்வீர்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லி, பழைய ரிம்மிலேயே 140 டயரை ஏற்றித் தருவதாகவும் யாராவது முன்வரலாம். இருக்கும் வழிகளிலேயே மோசமானது அதுதான் என்பேன். அந்த அளவு டயருக்குக் குறைந்தது மூன்றரை அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். அதைவிடக் குறுகலான ரிம்மில் ஏற்றினால் டயரின் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, நடுப்பகுதி முட்டைபோல் மேலெழும்பிவிடும். சாலையில் பதிவது அந்த நடுப்பகுதி மட்டும் என்பதால் அதுவே வேகமாகத் தேயும். ஓரத்தில் காசு கொடுத்து வாங்கிய ரப்பர் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் புதிதாகவே இருக்கும். பார்வைக்கு அகலம், பயன்பாட்டில் குறுகல் என்ற நிலைக்கு 4,200 ரூபாய் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சரியான அகலமுள்ள ரிம்மோடு சேர்த்து மாற்றினால் இந்தக் குறை நீங்கும் என்பது உண்மையே. ஆனால் உங்கள் வண்டியைச் செய்த நிறுவனமே 2018இல் இதே மாடலில் இரட்டை டிஸ்க் பிரேக் உள்ள வகையைக் கொண்டுவந்தபோது, பின்புறத்தில் 120/80-17 டயர் போட்டதோடு நின்றுவிடவில்லை. முன் டயரையும் 90/90-17 ஆக்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் தடிமனாக்கியது. இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தையும் நீட்டியது. இருபது மில்லிமீட்டர் அகலத்தைக் கூட்டிய வண்டியில் உற்பத்தியாளர் இத்தனையையும் மாற்றியிருக்க, நாற்பது மில்லிமீட்டரைக் கூட்டிவிட்டு முன்பக்கத்தைத் தொடாமல் விடுவது கைப்பிடியின் சமநிலையைக் கெடுக்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். செயினுக்கும் டயருக்கும் இடையே போதிய இடைவெளி இருக்குமா என்பது தனிக் கேள்வி. 1,300 ரூபாயில் செய்யப்போகும் ‘வேலை’ என்ன, எதையாவது அரத்தால் தேய்க்கப்போகிறார்களா, சேலை கார்டைக் கழற்றப்போகிறார்களா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பே நோக்கமென்றால் பணம் போக வேண்டிய இடம் வேறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருக்கும் முன் பிரேக்குக்கும் உரியது. ஆறு ஆண்டு ஓடிய வண்டியில் முன் டயர் எந்த நிலையில் இருக்கிறது, பிரேக் பேடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த 9,500 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கை அங்கே செலவிட்டால் மழைநாளில் உங்களுக்குக் கிடைக்கும் பயன் அகலமான பின் டயர் தருவதைவிட அதிகம்.

இனி ஓட்டும் செலவு. உங்கள் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்றும், கூடுதல் எடையாலும் உராய்வாலும் அது 42 ஆகக் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் மாதம் சுமார் 160 ரூபாய். டயர் இரண்டாண்டு உழைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் ஏறத்தாழ 3,850 ரூபாய் கூடுதல். அடுத்த முறை டயர் மாற்றும்போதும் 2,500க்குப் பதில் 4,200 ரூபாய் கொடுக்க வேண்டும். வண்டியை விற்கும்போது இதற்காக எவரும் விலையை உயர்த்தித் தரமாட்டார்கள். அசல் ரிம்மை வைத்திருக்கிறீர்களா என்று கேட்பவர்களே அதிகம்.

காப்பீட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்களிடம் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் டயருக்கோ ரிம்முக்கோ ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், வண்டிக்கு வேறு சேதமின்றி டயர் மட்டும் கெட்டால் இழப்பீடு இல்லை. வண்டியும் சேதமடைந்திருந்தால் டயர் விலையில் பாதி வரைதான். வெளியே வாங்கிப் பொருத்திய அலாய் வீலை நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்காவிட்டால் அது கணக்கிலேயே வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; 2019ஆம் ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. டயர் அளவு மாறியதற்காக மட்டும் சாலையில் நிறுத்துவது அரிது. ஆனால் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் வண்டியைப் பார்க்கும் பார்வை வேறு; அறிவிக்காத மாற்றம் எதுவும் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவருக்கு ஒரு காரணமாகும்.

ஈஎம்ஐக்கு வருவோம். 12,000 ரூபாயை ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் ஆறு மாதத் தவணையாக்கினால் வட்டி சுமார் 570 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி சுமார் 100 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. தொகை சிறியதுதான். உங்கள் அவசர நிதி ஒரு மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியளவே இருக்கும்போது மாதம் 2,100 ரூபாய் தவணையை ஏற்றுக்கொள்வதே என் கவலை. அடுத்த ஆறு மாதம் அந்த 2,100 ரூபாயை வங்கியில் போட்டுவந்தால், சாதாரண டயருக்கான 2,500 ரூபாய் போகவும் கையிருப்பு 25,000 ரூபாயைத் தாண்டும்.

ஆகவே இந்த வாரமே 100/90-17 டயரைக் கையிருப்புப் பணத்தில் வாங்கிவிடுங்கள். தேய்ந்த டயரோடு ஓட்டிக்கொண்டே யோசிக்க வேண்டாம். பிடிமானம் கூட வேண்டுமென்றால் அகலத்தை விட்டுவிட்டு, அதே அளவில் மென்மையான ரப்பர் கலவை கொண்ட டயருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். அது சற்று விரைவில் தேயும் என்பதை மட்டும் அறிந்து வாங்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய சரக்கானால் வேறு கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. கடைக்காரர் சொல்லும் விலை அந்த வரியோடு கூடிய பில் விலையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பில் இல்லாமல் நூறு, இருநூறு குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். டயரில் தயாரிப்புக் குறை தெரியவந்தால் நிறுவனம் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.