24 வயது மகனின் கைநாட்டு செல்லுமா?

கேள்வி: என் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடும் வங்கி வைப்புத்தொகையும் அவர் பெயரில் உள்ளன. மாமியார் இல்லை, நான், மகள், ஆட்டிசம் உள்ள 24 வயது மகன் மூவரும்தான் வாரிசுகள். மகனுக்குப் பேச்சு இல்லை, பண விவகாரம் புரியாது. வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். பத்திரம் எழுதுபவரோ, மகனிடம் கைநாட்டு வாங்கி, அவன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிந்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று புரியாதவரிடம் வாங்கும் பத்திரம் ஒப்பந்தச் சட்டம் 12-வது பிரிவின்படி நிற்காது. நாளை வீட்டை வாங்க வருபவரின் வக்கீல் முதலில் பிடிப்பதும் அதைத்தான். மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு. நோயையோ குறைபாட்டையோ காட்டி அதை மறுக்க முடியாது (இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 28).

மகனுக்கு 18 வயது முடிந்ததுமே அவர் சார்பில் கையெழுத்திடும் உரிமை உங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. பெற்றவளிடமே சான்று கேட்பது வேதனைதான், ஆனால் வங்கி கேட்பது சட்டப்படி சரி. இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து 'ஏ' படிவம் கொடுங்கள். கணவரின் இறப்புச் சான்றை இணைத்தால் நீங்கள் தனியாகவே விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி சான்று, ஆதார், வாரிசுச் சான்று எல்லாவற்றிலும் மகன் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா பாருங்கள். இனிஷியல் மாறினாலே மனு தேங்கிவிடும்.

பாதுகாவலர் எதற்குத் தேவை என்பதையும் குழு பார்க்கும். 'வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, சிகிச்சை' என்று குறிப்பாக எழுதுங்கள். எதை உடுத்துவது, எங்கே போவது என்று மகன் சைகையில் சொல்வது அவருடைய முடிவு. அதை இந்தச் சான்று பறிக்கக் கூடாது.

சான்று கையில் வந்ததோடு வேலை முடியவில்லை. 6 மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் அதே குழுவிடம் தாக்கல் செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அவர் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தால் கணக்கு எழுதுவது சுலபம்.

வீட்டை விற்பதானால், மகன் பங்குக்கு நீதிமன்ற அனுமதி பெறாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

உங்களுக்குப் பிறகு பாதுகாவலர் பொறுப்பு மகளுக்குத் தானாகப் போகாது. அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பங்கை மகன் பெயருக்கு நேரடியாக எழுதாமல், அவர் நலனுக்கென ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி அதற்கு உயிலில் எழுதுங்கள். மகளோடு இன்னொருவரையும் அறங்காவலராகச் சேருங்கள்.