பல வருடம் கழித்து உடற்பயிற்சி: எடைக்கு முன்னால் மூட்டுகளைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 43. கல்லூரி நாட்களில் நன்றாக விளையாடியவன். கடந்த ஆறு வருடமாக நாற்காலியிலேயே வேலை, 74 கிலோவாக இருந்தவன் இப்போது 91. போன மாதம் தினமும் ஓட ஆரம்பித்தேன். இரண்டாவது வாரமே முழங்காலுக்குக் கீழே வலி, நிறுத்திவிட்டேன். மறுபடி எப்படித் தொடங்குவது? எவ்வளவு நாளில் பழைய எடைக்கு வரலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று எடை, இன்னொன்று உடலைப் பழையபடி உழைப்புக்குத் தயார்செய்வது. எடையைப் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் குறைக்க முடியும், ஓடிக் கரைக்க முடியாது. அதை ஓட்டத்திடம் ஒப்படைத்ததால்தான் கால் வலித்திருக்கிறது.

நீங்கள் ஒருகாலத்தில் விளையாடியது வீண்போகவில்லை. ஒருமுறை பயிற்சி பெற்ற தசை, புதிதாகத் தொடங்குபவரின் தசையை விட வேகமாகப் பழைய பலத்துக்குத் திரும்பும். மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிடும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டாவது வாரத்தில் நெஞ்சு 'இன்னும் ஓடலாம்' என்கிறது, முழங்கால் தாங்க மாட்டேன் என்கிறது, அதுவும் முன்பை விட 17 கிலோ அதிகமாகச் சுமந்துகொண்டு. விளையாட்டில் இருந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் மனதில் இருப்பது பழைய வேகம்.

முதல் இரண்டு மாதம் ஓட்டமே வேண்டாம், நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். 15, 20 நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. அதை நீங்கள் சென்று சேர வேண்டிய இடமாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்திலேயே எட்டிப்பிடிக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று கலந்து பாருங்கள்.

நடையை விடவும் முக்கியமான ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜிம் கட்டாயம் இல்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், குதிகால் தூக்கி இறக்குவது, இவ்வளவே முதல் மாதத்துக்குத் தாராளம். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு இதைச் செய்யாமல் இருந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். தராசில் முள் இறங்கும், படியேறினால் கால் நடுங்கும்.

சரி, எடைக்கு வருவோம். உங்கள் எடையில் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ 7,700 கலோரிக்குப் பக்கம். கணக்கு போட்டுப் பாருங்கள், நடையை மட்டும் நம்பினால் எவ்வளவு நாளாகும் என்று தெரிந்துவிடும். தினமும் சாப்பாட்டில் 500 கலோரி போலக் குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ அளவில் இறங்கும். முதலில் கைவைக்க வேண்டியது இனிப்பான பானங்களில், பிறகு வேலைக்கு நடுவே கொறிப்பதில். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பயறு என ஏதாவது புரதம் இருக்கட்டும், பசி தாங்கும். 17 கிலோவுக்கு எட்டு, ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடமானாலும் தவறில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிறகு வேகம் குறையும்போது மனம் உடைந்துவிடாதீர்கள், தராசோடு இடுப்பளவையும் பார்த்துவாருங்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை முழுவதும் கடுப்பது இயல்பு. ஒரே புள்ளியில் குத்துவது, மூட்டு வீங்குவது, நொண்டி நடப்பது இயல்பு இல்லை. உங்கள் முழங்கால் இன்னும் வலித்தால் முதலில் அதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுத்தியும் இறுக்கம் விடாவிட்டால் அவசர உதவிக்கு அழைத்துவிடுங்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சாப்பாட்டையும் குறைத்து நடக்கவும் செய்தால் சில மருந்துகளில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

நடுவில் காய்ச்சல், பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போகும், அது நடக்கத்தான் செய்யும். திரும்ப வரும்போது அதற்கு முந்தைய வாரத்தின் அளவிலிருந்து ஆரம்பியுங்கள், விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.