தேயிலைத் தோட்டத்தில் கூடு கட்டும் பறவைகளை எப்போது, எப்படிக் கணக்கெடுப்பது?

இலங்கையின் மலைநாட்டில் பல பறவைகள் கூடு கட்டும் முக்கியக் காலம் ஏறக்குறைய மாசி தொடங்கி வைகாசி வரை. சித்திரையில் பின்னேரம் இடிமழை வந்துவிடும். அதனால் விடிந்த கையோடு போங்கள். பாட்டு அப்போதுதான் அதிகம்.

ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். அப்புறம் 200 மீட்டராவது தள்ளி அடுத்த இடம். இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு தரம் எண்ணிவிடுவோம். அதே இடங்களுக்கு அதே நேரத்தில் திரும்பத் திரும்பப் போவதுதான் உயிரான வேலை.

ஆனால் பறவையைக் கண்டாலே அது இங்கே குஞ்சு பொரிக்கிறது என்று எழுதக் கூடாது. ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈபிடிப்பானும் குளிர்காலத்துக்கு வந்து போகிறவை. பங்குனியிலும் இங்கே இருக்கும். அலகில் புழுவோடு ஒரே பக்கம் பறக்கிறதா, நார் சுமக்கிறதா, வால் வளராத குஞ்சு கூட வருகிறதா என்று பாருங்கள். பாட்டு மட்டும் கேட்டால் ‘குஞ்சு பொரிக்கலாம்’ என்று குறித்தால் போதும். நுவரெலியாப் பக்கம் புதர்ச்சிட்டை வைத்துப் பழகலாம்: ஆண் கறுப்பு, பெண் மண்ணிறம், கூடு மண்மேட்டுப் பொந்தில்.

சரி, கூடு தெரிந்தால்? கிட்டப் போகாதீர்கள். நம் தடத்தைப் பார்த்துக் காகம் வந்துவிடும். கைபேசியில் பறவைப் பாட்டைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். குறிப்புகளை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். இனப்பெருக்க அடையாளங்களுக்கு அங்கே தனிக் குறியீடுகள் உண்டு.