ஜேம்ஸ் பொண்ட் பட வில்லனாக நம் நடிகர்களில் யார் பொருந்துவார்?

கேள்விக்குக் கீழே நீங்கள் ஒரு குறிப்பும் போட்டிருக்கிறீர்கள்: "உயரம், உடம்பு, முகவெட்டு மூன்றும் சேர்ந்த ஆள் நம்மிடம் இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் சொல்லுங்கள்." அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நண்பர்களோடு இரவிரவாக வாதாடிவிட்டு ஆதரவு தேடி இங்கே வந்த தம்பி என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

என் தெரிவு முதலில் அரவிந்த் சாமி. அடுத்தது ரம்யா கிருஷ்ணன். மூன்றாவது பகத் பாசில். உடம்பைப் பார்த்து இவர்களைத் தெரிவுசெய்யவில்லை.

பொண்ட் படங்களில் உடம்பு தேவைப்படுவது அடியாளுக்கு. இரும்புப் பல்லோடு வந்த ரிச்சர்ட் கீல் ஏழடிக்கு மேல். தொப்பியை எறிந்து கொல்கிற ஆளாக வந்த ஹரோல்ட் சகாட்டா 1948 ஒலிம்பிக்கில் பாரம் தூக்கி வெள்ளிப் பதக்கம் எடுத்தவர். ஆனால் இவர்களை ஏவுகிற முதலாளிகளைப் பாருங்கள். 1962இல் முதல் படத்தின் வில்லன் ஜோசப் வைஸ்மன் மெலிந்த மனிதர். 1963, 1965 படங்களில் புளோஃபெல்ட் என்ற வில்லன் தலைவனுக்கு முகமே இல்லை. ஒரு கை, அந்தக் கை தடவுகிற வெள்ளைப் பூனை, ஒரு குரல், அவ்வளவுதான். 1967இல் முகத்தைக் காட்டியபோது அந்த முகம் டொனால்ட் பிளெசன்ஸுடையது. கட்டையான, சத்தம் போடாத ஆள். 1964இல் தங்கப் பைத்தியம் பிடித்த வில்லனாக நடித்த கெர்ட் ஃப்ரோபேக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று வேறொருவரின் குரலைப் போட்டார்கள். அப்படியிருந்தும் அந்த மனிதரை இன்றுவரை யாரும் மறக்கவில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். நான் சினிமாக்காரன் இல்லை. மட்டக்களப்பில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்தவன். வடமோடி என்கிற எங்கள் ஊர்க்கூத்தில் துரியோதனன் ஆடியவன். ஊர்க்கூத்தையும் ஹொலிவுட்டையும் ஒரே தராசில் வைக்கிறான் என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். வைக்கத்தான் போகிறேன். வில்லன் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுத் தந்தது கூத்து ஆடுகிற களரிதான்.

எங்கள் பக்கத்தில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் கூத்துப் பேச்சு தொடங்கும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் பிரிப்பதைச் சட்டம் கொடுத்தல் என்போம். அந்த வருடம் அண்ணாவியார் என் பெரியமாமா. துரியோதனனை எனக்குத் தந்தார். அப்போது நான் நல்ல மெலிவு, உயரமும் கிடையாது. கோயில் முன்றலில் கூடியிருந்த பெரியவர் ஒருவர் எழும்பி, "இந்த எலும்பனுக்குக் கரப்புடுப்பக் கட்டினா உடுப்புத்தான் ஆடும்" என்றார். கரப்புடுப்பு என்பது பிரம்பு வளையம் வைத்த கூத்து உடுப்பு. பாண்டவரைத் தெய்வமாகக் கும்பிடுகிற சனம் எங்களுடையது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசம் போவதைப் பார்த்து அழுகிறவர்கள். அவர்களுக்குத் துரியோதனன் என்றால் மலைபோல ஒருத்தன் வரவேண்டும். பெரியமாமா வெற்றிலையை மென்றுகொண்டே, "உடுப்பு ஆடட்டும், அவன் இருப்பான்" என்றார்.

இருப்பான் என்று சொன்னது கொலுவை, அரசன் சபையில் வீற்றிருக்கிற கட்டத்தை. கிருஷ்ணன் தூது வருகிற கட்டம் உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணன் சபைக்குள் வரும்போது ஒருத்தரும் எழும்பக்கூடாது என்று துரியோதனன் கட்டளை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். ஆட்டமும் தாளக்கட்டும் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டன. கதிரையில் சும்மா இருப்பதுதான் பிடிபடவில்லை. எங்கள் களரி வட்டம். சனம் நாலு பக்கமும் இருக்கும், ஒளிக்க இடமில்லை. பழக்கத்தின்போது பெரியமாமா மத்தளத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னைச் சுற்றி நடந்து வந்து, பின்னால் நின்று என் தோள்மூட்டில் விரலால் தட்டினார்.

"மனே, முகம் அரசன்தான். முதுகு பயப்பிடுது."

எனக்கு விளங்கவில்லை.

"பின்னால இருக்கிற சனத்துக்கு உன்ட முதுகுதான்டா முகம். உன்ட வீட்டுக்கு ஒருத்தன் வாறான். நீ வீட்டுக்காரன். அவன் கடவுளாயிருந்தா உனக்கென்ன? கையை ஆட்டாத, கதிரையைப் பிடியாத. இது என்ட வீடு எண்டு மட்டும் நினை."

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எனக்கு அதே வேலை. மற்றவர்கள் ஆட, நான் கதிரையில் முழங்காலில் கை வைத்தபடி. அரங்கேற்றத்தன்று வெள்ளைத் திரையை விலக்கி, களரிக்குள் ஆடி நுழைகிற என் வரவு முடிந்து, கொலு வந்து, கட்டியகாரன் கிருஷ்ணன் வருவதைச் சொன்னான். கிருஷ்ணனாக ஆடியவர் நல்ல வாட்டசாட்டமான மனிதர், குரல் எடுத்தால் வாவிக்கு அக்கரைக்குக் கேட்கும். களரியைச் சுற்றியிருந்த சனத்தில் பாதி கையெடுத்துக் கும்பிட்டது. சபையில் இருந்தவர்கள் கதைப்படி ஒவ்வொருவராக எழும்பினார்கள். நான் இருந்தேன். கரப்புடுப்பின் பிரம்பு வளையம் இடுப்பை அறுக்கிறது, வேர்வை முள்ளந்தண்டு வழியே இறங்குகிறது, துடைக்க ஏலாது. அப்போது என் முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், ஒரு மனுசி பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னது கேட்டது: "இவன் எழும்பமாட்டான் போல கா." அந்தக் குரலில் பயம் இருந்தது. மேடையில் நான் அதுவரைக்கும் வாய் திறந்து ஒரு வரி மிரட்டவில்லை.

இனிப் பொண்ட் படங்களுக்கு வாருங்கள். ஒற்றன் கதையில் வில்லனின் பெரிய கட்டம் சண்டை இல்லை, விருந்து. தேடி வந்தவனை வில்லன் தன் வீட்டில் உட்காரவைத்துப் பேசுவான். வைஸ்மன் தன் தீவில் மேசை போட்டுச் சாப்பாடு கொடுத்தார். 1974இல் கிறிஸ்டோபர் லீயும் தன் தீவில் பொண்டுக்கு மதியச் சாப்பாடு வைத்தார். 2012 படத்தில் ஹவியர் பார்டெம் வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாயகனைக் கதிரையில் கட்டிவைத்திருக்கிறார்கள். தூரத்தில் லிஃப்ட் திறக்கிறது. அங்கிருந்து எலிக்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே நடந்து நடந்து கிட்ட வருகிறார். நான் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டினேன். அது சுத்தமான வரவு. எங்கள் அண்ணாவிமார் யாரிடம் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதனால்தான் அரவிந்த் சாமி. 2015இல் "தனி ஒருவன்" படத்தில் அவர் விஞ்ஞானியாக வந்து, கதாநாயகனின் உடம்புக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோலச் சிரிப்பார். சட்டை கசங்காது. 1990களில் மென்மையான நாயகனாக நாம் பார்த்த அதே முகம்தான். அந்த முகத்தை நம்பி யாரும் வீட்டுக்குள் போவார்கள். ரம்யா கிருஷ்ணனுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1999இல் நீலாம்பரியாக, வந்தவருக்கு ஒரு கதிரை போடாமல் தான் மட்டும் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்த கட்டம் துரியோதனன் சபைதான். ரஜினி ஊஞ்சலை இழுத்து இறக்கி உட்கார்ந்தார். அதில் ரஜினியைப் பார்த்துக் கைதட்டியவர்கள், கதிரையில் இருந்தவரின் முதுகை ஒருமுறை பாருங்கள். பொண்ட் வரிசையின் 25 படங்களில் பெண் தலைமை வில்லி என்று சொல்ல 1999இன் சோஃபி மார்சோவைத் தவிர எனக்கு ஒருவரும் நினைவில் நிற்கவில்லை.

பகத் விஷயத்தில் திட்டு வாங்குவேன். 2023இல் "மாமன்னன்" வந்தபோது அவர் நடித்த சாதிவெறியனையே சிலர் வீரனாக்கி வீடியோ வெட்டிப் போட்டார்கள். அது நடிகரின் பிழையும் இல்லை, படம் சொன்னதும் அது இல்லை. ஆனால் அந்தப் பாத்திரம் தன் நியாயத்தை முழுக்க நம்பி நின்றதால்தான் அப்படி ஒரு ஆபத்து வந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மேடையேற்றிய கூத்தில் எங்கள் மட்டக்களப்பு மௌனகுரு இராவணனாக ஆடியதைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். இராவணன் பக்கத்து நியாயம் அதில் கேட்டது என்பார்கள்.

விஜய் சேதுபதியை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு: அவர் பலம் பேச்சுவழக்கில் இருக்கிறது. ஆங்கில வசனத்தில் அது மிஞ்சாது என்று பயப்படுகிறேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ரகுவரன் இருந்திருந்தால் இந்தப் பட்டியலே தேவைப்பட்டிருக்காது, 2008இல் போய்விட்டார்.

நம்மவருக்கு அந்த வாய்ப்பு வருவதே இல்லை என்பதும் உண்மைதான். 1983இல் பொண்ட் படம் உதய்பூரில் எடுத்தார்கள். நாடுகடந்து இந்திய அரண்மனையில் வாழும் ஆப்கான் இளவரசன் வேடம் பிரெஞ்சுக்காரர் லூயி ஜோர்டானுக்கு. நம் கபீர் பேடிக்குக் கிடைத்தது அடியாள் வேடம். 2022இல் தனுஷ் ஹொலிவுட் ஒற்றன் படத்துக்குப் போனார், கூலிக்குக் கொல்கிற ஆளாக. நன்றாகச் செய்தார், ஆனாலும் கதிரை வேறொருவருக்கு. கண்டியில் எடுத்த 1984 ஹொலிவுட் படத்தில் அம்ரிஷ் பூரியைத் தலைமை வில்லனாக்கினார்கள். அப்படி ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது.

கதிரை என்றதும் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இப்போது ஊரில் கூத்துக்காரரைக் கூப்பிடுவது விருந்தினர் ஊர்வலத்துக்கு. கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு விழாவுக்கு எங்களை முடியும் கரப்புடுப்பும் கட்டி வரச்சொன்னார்கள். மத்தளம் முன்னே போக, வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஆடிக்கொண்டு விருந்தினரைக் கூட்டிவர வேண்டும். அதிதி பிந்தி வந்தார். வெயிலில் துரியோதனனும் தருமரும் வாசலில் காத்து நின்றோம். பத்து நிமிட ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கியில், "கூத்துக்காரத் தம்பிமார் உடுப்பைக் கழட்டிவிட்டுப் பின்பக்கமாகச் சாப்பிட வரவும்" என்றார்கள். மேடையில் கதிரை நிறைய இருந்தது. விடிய விடிய ஆடவேண்டிய கலையை வரவேற்புத் தோரணமாக்கிவிட்டார்கள். பெரியமாமா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்டு வந்தபோது, "களரி போடுங்கோ, விடியுமட்டும் ஆடித் தாறம். நடக்கிறதுக்கு வரமாட்டம்" என்று அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி. கலையை வளர்க்கிறோம் என்று பேசுகிறவர்கள் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும்.

சரி, உங்கள் கேள்வி. அடுத்த பொண்ட் படத்தை டெனி வில்னேவ் இயக்குவதாக 2025இல் அறிவித்திருக்கிறார்கள். அவர் அவசரப்படாத இயக்குநர், ஆட்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கத் தெரிந்தவர். அரவிந்த் சாமியைச் சண்டைக் காட்சியில் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு நீண்ட மேசையின் தலைமாட்டில் வைத்து, எதிரே பொண்டை உட்காரவைத்து, பாதி நேரம் கமராவைப் பின்னாலிருந்து ஓடவிட்டால் போதும். உங்கள் நண்பர்கள் வேறு பெயர் சொன்னால் இங்கே எழுதுங்கள், ஆனால் உயரத்தை மட்டும் காரணமாகக் காட்ட வேண்டாம்.